பணம் பெருகினால் பண்டம் பெருகுமா?



நாட்டின் உற்பத்தி உயர்ந்தது என்னும் செய்தியை நாளேடுகளில் காண்கிறோம். உயர்ந்தது பண்டத்தின் அளவா, அதன் விலையா என்று கேட்டறிதல் வேண்டும்.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் ஒரு சூளை இருப்பதாகக் கொள்வோம். சென்ற ஆண்டு 1,000 அகல் விளக்குகளை, ஒன்று 2 ரூபாய் வீதம் விற்றது. வரவு 2,000 ரூபாய். இவ்வாண்டு சுட்டவை 900. விலையோ 3 ரூபாய். வரவு 2,700 ரூபாய். கணக்கேட்டில் உயர்வு, சூளையிலோ தாழ்வு. சென்ற ஆண்டின் விலையைக் கொண்டே மதிப்பிட்டால் 1,800 ரூபாய்தான் தேறும். முன்னதை நடப்பு விலை மதிப்பு என்றும், பின்னதை நிலையான விலை மதிப்பு என்றும் பொருளியலார் கூறுவர்.

நம் நாடே இதற்குச் சான்று. 1979-80ஆம் ஆண்டில் கடும் வறட்சியும் எண்ணெய் விலையேற்றமும் நம்மைத் தாக்கின. உணவுத் தானிய விளைச்சல் ஏறத்தாழ 13 கோடி டன்னிலிருந்து 11 கோடி டன்னாகக் குறைந்தது. நடப்பு விலையில் நாட்டின் உற்பத்தி உயர்ந்தே காணப்பட்டது. நிலையான விலையிலோ ஏறத்தாழ 5 விழுக்காடு வீழ்ந்திருந்தது. 2025 மே மாத மதிப்பீட்டின்படி, 2024-25ஆம் ஆண்டின் வளர்ச்சி நடப்பு விலையில் 9.8 விழுக்காடு, நிலையான விலையில் 6.5 விழுக்காடு.

கூலி உயர்வு கேட்போரும் கொடுப்போரும் இதனை மனத்திற்கொள்வது நலம். சென்ற ஆண்டின் கூலி எத்தனை கிலோ அரிசி வாங்கியதோ, அத்தனையேனும் இவ்வாண்டின் கூலி வாங்காவிடில், அக்குடும்பத்திற்கு உயர்வு கிட்டவில்லை என்பதே உண்மை.