மாற்றுச் சர்வரும் மெய்யான சோதனையும்

ஒரு யந்திரம் பழுதுற்றால் மற்றொன்று அதன் பணியை ஏற்கும் என்னும் ஏற்பாடு பழமையானது. மருத்துவமனையில் மின்சாரம் நின்றால் டீசல் ஜெனரேட்டர் இயங்கத் தொடங்குகிறது. குடிநீர் நிலையத்தில் ஓடும் பம்பிற்கு அருகே இன்னொரு பம்பு தயாராக நிற்கிறது. மாதக்கணக்கில் ஓட்டிப் பாராத ஜெனரேட்டர் தேவைப்படும் நாளில் ஓடும் என்பதற்கு உறுதியில்லை என்பதை இத்துறைகளில் தேர்ந்த ஊழியர்கள் நன்கு அறிவர். ஆதலின் தேவை இல்லாதபோதும் அதைக் கிரமமாக ஓட்டிப் பார்க்கின்றனர்.

கணினி நிலையங்கள் பலவற்றில் இந்த எளிய வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை என்பது வருந்தத்தக்கது. ஒன்றுக்கு இரண்டாகச் சர்வர்கள் வாங்கப்படுகின்றன. அவை கிளஸ்டராக இணைக்கப்படுகின்றன. ஒப்பந்தக்காரர் அளித்த பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே சரி என்று குறிக்கப்படுகிறது. ஏற்புச் சான்றில் கையொப்பமும் ஆகிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மின்கம்பியை ஒருவர் பிடுங்கிப் பார்த்ததாகவோ, அப்போது எத்தனை விநாடிகளில் பணி தொடர்ந்தது என்பதாகவோ ஒரு குறிப்பைக் கோப்பில் காண்பது அரிது. இவ்வாறு ஏற்கப்படும் கிளஸ்டர் சரிபார்க்கப்பட்டதாகாது. வாங்கப்பட்டது என்று மட்டுமே அதைச் சொல்ல இயலும்.

அப்ளிகேஷன் சர்வர் என்பது தரவுத்தளத்திற்கும் பொதுமக்களுக்கும் இடையே நின்று அலுவல் விதிகளை நடத்தும் மென்பொருள். ஓய்வூதியம் கோருபவர் ஒருவர் கணினி வழியே எட்டுப் பக்க விண்ணப்பத்தை நிரப்புகிறார் என்று கொள்வோம். ஐந்தாம் பக்கத்தை அவர் எழுதிக்கொண்டிருக்கையில், முந்தைய நான்கு பக்கங்களின் விவரம் அப்ளிகேஷன் சர்வரின் நினைவில் இருக்கிறது. இந்த நினைவையே செஷன் என்கின்றனர். அச்சர்வர் அந்நேரத்தில் அணைந்துபோனால், செஷனின் நகல் இன்னொரு சர்வரில் இருந்தால்தான் அவர் ஆறாம் பக்கத்திற்குச் செல்ல முடியும். இல்லையேல் முதற்பக்கத்திற்குத் திரும்ப வேண்டியதுதான். கிளஸ்டரில் உள்ள சர்வர்கள் ஒன்றுக்கொன்று நாடித்துடிப்பு போன்ற சிறு செய்திகளை இடைவிடாது அனுப்பிக்கொள்கின்றன. ஒன்றிடமிருந்து துடிப்பு வராதொழிந்தால் மற்றவை அதன் பணியை ஏற்கின்றன. பொறியாளர்கள் இதனை ஃபெயிலோவர் என வழங்குவர்.

கருத்தளவில் இதில் குறை ஏதும் இல்லை. கணக்கும் நம்பிக்கை ஊட்டுகிறது. ஆண்டில் 99 விழுக்காடு நேரம் இயங்கும் சர்வர்கள் இரண்டை இணைத்தால், இரண்டும் ஒருசேரப் பழுதுறும் வாய்ப்பு பதினாயிரத்தில் ஒன்று, அதாவது 99.99 விழுக்காடு, ஆண்டுக்கு ஏறத்தாழ 53 நிமிட இடையூறு. ஆனால் இக்கணக்கு, ஒன்றின் பழுது மற்றொன்றைத் தொடாது என்னும் அனுமானத்தின்மீது நிற்கிறது. ஒரே மின்னிணைப்பு, ஒரே அமைப்புக் கோப்பு, ஒரே கைநூல் ஆகியவற்றை இரண்டும் பகிர்ந்துகொள்ளும்போது அந்த அனுமானம் தகர்ந்துபோகிறது.

கைநூல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் டோக்கியோ பங்குச் சந்தையில் நாள் முழுதும் வணிகம் நின்றுபோயிற்று. 1999இல் அச்சந்தை முற்றிலும் கணினிமயமான பின்னர் ஒரு முழு நாள் நின்றது அதுவே முதன்முறை. காலை ஏழு மணியளவில், சர்வர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் வட்டுச் சேமிப்புக் கருவி ஒன்றின் நினைவகத்தில் கோளாறு நேர்ந்தது. அதற்கு இணையாக இரண்டாவது கருவி அருகிலேயே இருந்தது. எனினும் அது தானாகப் பொறுப்பேற்கவில்லை. ஆராய்ந்தபோது தெரிந்தது இது: தானியங்கு மாற்றத்திற்குரிய அமைப்பு அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அணைத்திருந்தாலும் சில விநாடிகளில் மாற்று நிகழும் என்று கைநூல் கூறியது. ஆனால் உற்பத்தியாளர் கருவியின் இயல்பை இடையில் மாற்றிவிட்டார், கைநூல் திருத்தப்படவில்லை. கருவிக்குள் இருந்த உண்மை ஒன்று, கைநூலில் அச்சாகியிருந்த உண்மை வேறொன்று.

உலகின் பெருஞ்சந்தைகளுள் ஒன்று, சிறந்த பொறியாளர்களைக் கொண்டது, பணத்திற்கும் குறைவில்லாதது. அங்கேயே இது நிகழ்ந்தது. அந்த நினைவகக் கோளாற்றை ஒருமுறை செயற்கையாக உண்டாக்கிப் பார்த்திருந்தால், அமைப்பின் பிழை வணிகம் தொடங்குமுன்பே வெளிப்பட்டிருக்கும். கணினியை மீண்டும் இயக்கி அன்றே வணிகத்தைத் தொடங்கவும் வழி இருந்தது. ஆனால் தரகர்களின் ஆணைகள் பல அதற்குள் ஏற்கப்பட்டிருந்தமையால், மீண்டும் தொடங்கினால் குழப்பம் மிகும் எனக் கருதி நாள் முழுதும் நிறுத்தினர். சந்தையின் தலைவர் அவ்வாண்டு நவம்பர் இறுதியில் பதவி விலகினார்.

இந்தியாவிலும் இதையொத்த நிகழ்ச்சி உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று மும்பை தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40 மணிக்கு வணிகம் நிறுத்தப்பட்டது, பிற்பகல் 3.45க்குத் தொடங்கி 5 மணி வரை நடைபெற்றது. இரு நிலையங்களையும் இணைக்கும் தொலைத்தொடர்பு வழிகள், ஒன்று போனால் மற்றொன்று உதவும் என்று இரு வேறு நிறுவனங்களிடமிருந்து பெறப்பட்டவை. இரண்டும் ஒரே நாளில் தடுமாறின. வழிநெடுகச் சாலையில் நடந்த தோண்டும் வேலையும் கட்டட வேலையும் காரணங்களாகக் கூறப்பட்டன. வணிகக் கணினிகள் நலமாகவே இருந்தன. இடர்மேலாண்மைக் கணினி எட்டாமற்போனதே வணிகத்தை நிறுத்தியது. நிறுவனங்கள் இரண்டாயினும், நாள் முழுதும் மண்வெட்டி விழும் நிலம் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதைக் களப்பணி ஊழியருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒன்றையும் குறிப்பிடல் தகும். இதில் மாற்று ஏற்பாடு செயற்பட்டதே தொல்லையாயிற்று. 2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் நிறுவனத்தில், பராமரிப்பு வேலையின்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு வலைப்பின்னல் இணைப்பு 43 விநாடிகள் அறுந்தது. தானியங்கு மென்பொருள் சொல்லிவைத்தபடியே மேற்குக் கரைத் தரவுத்தளத்தைத் தலைமையாக்கிவிட்டது. ஆனால் கிழக்கே எழுதப்பட்ட சில விநாடிப் பதிவுகள் மேற்கே சென்று சேர்ந்திருக்கவில்லை. பரபரப்பு மிக்க கிளஸ்டர் ஒன்றில் மட்டும் அத்தகைய பதிவுகள் 954. இரு கரைகளிலும் வெவ்வேறு உண்மைகள் நிலைபெற்றன. இதனோடு, கிழக்கே இருந்த அப்ளிகேஷன்கள் நாட்டின் மறுகோடியிலுள்ள தரவுத்தளத்திடம் ஒவ்வொரு கேள்விக்கும் விடைபெற்று வரும் தாமதத்தைத் தாங்கவில்லை. சேவை முற்றும் சீராக 24 மணி 11 நிமிடம் சென்றது. தனித்தனியே நோக்கினால் உறுப்புகள் யாவும் தம் கடமையைச் செய்தன. அவை ஒன்றுசேர்ந்து, அத்தனை தொலைவில், அப்படியொரு நிலையில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதே முன்கூட்டி அறியப்படாதது.

இந்நிகழ்ச்சிகளால் தெளிவாவது, சோதனையின் தரத்தை நிர்ணயிப்பது எத்தகைய பழுதை உண்டாக்கிப் பார்க்கிறோம் என்பதே என்பது. வழக்கமாகச் செய்யப்படும் சோதனை, ஒரு சர்வரின் நிரலைக் கட்டளையிட்டு நிறுத்துவது. இதுவே எல்லாவற்றிலும் எளியது. ஆகவே மிகுதியும் ஏமாற்றுவதும் இதுதான். நிரல் நின்றாலும் அக்கணினியின் ஆப்பரேட்டிங் சிஸ்டம் உயிரோடு இருக்கிறது. அது திறந்திருந்த தொடர்புகள் அனைத்தையும் மூடி மறுமுனைகளுக்கு அறிவித்துவிடுகிறது. மற்றச் சர்வர்கள் அக்கணமே நிலைமையை அறிகின்றன. ஃபெயிலோவர் இரண்டொரு விநாடிகளில் முடிகிறது, கூடியிருப்போர் மகிழ்கின்றனர். மின்கம்பி பிடுங்கப்பட்டாலோ வலைக்கம்பி அறுந்தாலோ அறிவிப்பு தருவார் எவருமில்லை. மறுமுனையில் உள்ளவை விடைக்காகக் காத்திருக்கின்றன. எத்தனை நேரம் காத்திருக்கும் என்பது அமைப்புக் கோப்பில் எழுதப்பட்ட காலவரம்பைப் பொறுத்தது. எழுதாது விட்டால் சில தொடர்புகள் பல நிமிடங்கள்கூடக் காத்திருக்கும்.

இவ்விரண்டினும் கடினமானது, சர்வர் இறவாமல் உறங்கிப்போவது. ஜாவா மொழியில் எழுதப்பட்ட சர்வர்கள், நினைவகத்தில் தேங்கிய பயனற்றவற்றை அகற்றும்பொருட்டு அவ்வப்போது சற்றே நிற்பதுண்டு. அமைப்பு பொருந்தாதபோது அந்த நிறுத்தம் பல விநாடிகள் நீளலாம். துடிப்பு வராததால் மற்றவை அதை இறந்ததாக முடிவுசெய்து பொறுப்பை ஏற்கின்றன. அதுவோ விழித்தெழுந்து, நடந்ததை அறியாமல், விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்கிறது. ஒரே பதிவை இருவர் திருத்தும் நிலை இவ்வாறு பிறக்கிறது. இதைத் தவிர்க்கவே, ஐயத்திற்குரிய சர்வரின் மின்சாரத்தைத் துண்டித்து, அது வேலை செய்யாதென உறுதியான பின்னரே பொறுப்பை ஏற்கும் முறை வழக்கில் உள்ளது. ஸ்டோனித் என்று அதற்குப் பெயர். பெயரின் பொருள் சற்றுக் கொடூரமானது. மற்றதைத் தலையில் சுட்டுவிடு என்பதன் சுருக்கமாம். நிரலை நிறுத்தாமல் உறங்கவைத்து ஒரு நிமிடம் கழித்து எழுப்பும் கட்டளை லினக்ஸில் உண்டு. செலவில்லாத இச்சோதனை ஏற்புப் பட்டியல்களில் இடம்பெறாதது வியப்பிற்குரியது.

பளுவின்றிச் செய்யும் சோதனையும் பயனற்றது. இரு சர்வர்களும் தத்தம் ஆற்றலில் 60 விழுக்காடு உழைத்துக்கொண்டிருந்தால், ஒன்று வீழ்ந்ததும் மற்றதன்மீது 120 விழுக்காடு சுமத்தப்படுகிறது, அதுவும் வீழும். மூன்றாக இருந்தால் எஞ்சிய இரண்டும் தலைக்கு 90 சுமந்து தப்பிப் பிழைக்கலாம். ஞாயிறு நள்ளிரவில் எவரும் பயன்படுத்தாதபோது செய்த சோதனை இதைக் காட்டுவதில்லை. மேலும், இரு சர்வர்கள் மட்டும் உள்ள கிளஸ்டரில் இடைக்கம்பி அறுந்தால் எந்தப் பக்கத்திலும் பெரும்பான்மை இராது. மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று என்று ஒற்றைப்படையில் அமைப்பதன் காரணம் இதுவே.

ஓடும் அமைப்பில் கைவைப்பது ஆபத்து என்பது அதிகாரிகள் கூறும் மறுப்பு. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதற்சோதனைகள் தனித்த சோதனை நிலையத்தில் நடத்தப்படுவதே முறை. ஆயினும் சோதனை நிலையம் மெய்ந்நிலையத்தின் நகலென்று எவரும் உறுதிகூற இயலாது. 2021 மார்ச்சில் செபி, சந்தைகளின் முக்கியக் கணினி அமைப்புகள் 45 நிமிடங்களுக்குள் மீட்கப்பட வேண்டும் என்று வரையறுத்தது. அதன்பின், 2024 மார்ச் 2, மே 18 ஆகிய இரு சனிக்கிழமைகளில் தேசியப் பங்குச் சந்தை உண்மையான வணிகத்தையே முதலில் தலைமை நிலையத்திலிருந்தும் பின்னர் மாற்று நிலையத்திலிருந்தும் நடத்தியது. பொம்மை ஆணைகள் அல்ல, மெய்யான பணம் கைமாறிய வணிகம் அது. முன்னறிவிப்போடு, குறுகிய நேரத்திற்கு, விடுமுறை நாளில் நடத்தப்பட்டதால் ஆபத்தும் அளவோடு நின்றது. பல கோடி மக்களின் முதலீட்டைத் தாங்கும் அமைப்பு துணிந்ததை, ஒரு துறையின் விண்ணப்ப அமைப்பு துணியலாகாதா? அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஒரு படி மேலே சென்று, அலுவல் நேரத்திலேயே தன் சர்வர்களை மனம்போனபடி அணைக்கும் கேயாஸ் மங்கி என்னும் நிரலை எழுதி, 2012இல் அனைவருக்கும் இலவசமாக வெளியிட்டது. பொறியாளர்கள் இருக்கையில் இருக்கும்போதே பழுது வரட்டும் என்பதே அதன் நோக்கம்.

சோதிப்பவர் யார் என்பதும் முக்கியம். அமைப்பை நிறுவிய ஒப்பந்தக்காரரே அதைச் சோதித்துச் சான்றளிப்பது பொருந்தாது. எந்தக் கம்பியை, எந்த மணிக்குப் பிடுங்குவது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமை, நாளை அவ்வமைப்போடு வாழவேண்டிய களப்பணி ஊழியர்களிடம் இருத்தல் வேண்டும். பிடுங்கிய நேரம், முதற்பயனாளருக்குப் பணி மீண்ட நேரம், இடையே இழந்த பதிவுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் அவர்கள் கையெழுத்தில் பதிவாக வேண்டும். சர்வர் மென்பொருளின் பதிப்பு மாறும்போதும், அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாறும்போதும் பழைய பதிவு காலாவதியாகிவிட்டதாகக் கொள்ள வேண்டும். டோக்கியோவில் காலாவதியான கைநூல் செய்ததை, காலாவதியான சோதனைப் பதிவும் செய்யவல்லது.

ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையில் மட்டும் விளக்கினால் மாணவர் மனத்தில் பதியாது. கழித்துவைத்த பழைய கணினிகள் மூன்று போதும். இரண்டில், ஜேபாஸ் என்று முன்னர் வழங்கிய வைல்ட்ஃபிளை என்னும் இலவச அப்ளிகேஷன் சர்வரையும், மூன்றாவதில் வேலையைப் பங்கிட்டளிக்கும் லோட் பாலன்சரையும் நிறுவலாம். ஒவ்வொரு முறை பக்கத்தைத் திறக்கும்போதும் எண் ஒன்று கூடும் சிறு நிரல், செஷனின் நடத்தையைக் கண்கூடாகக் காட்டும். எண் பதினைந்தை எட்டியதும் விடையளித்துக்கொண்டிருக்கும் சர்வரின் வலைக்கம்பியை ஒரு மாணவர் பிடுங்க, மற்றொருவர் கடிகாரத்தைப் பார்த்து விநாடிகளைக் குறிக்கட்டும். எண் எங்கிருந்து தொடரும், எத்தனை நேரம் ஆகும் என்பதை வகுப்பினர் முன்னதாகவே எழுதிவைத்தல் நலம். நிரலின் அமைப்புக் கோப்பில் டிஸ்ட்ரிபியூட்டபிள் என்னும் ஒரு சொல் இருந்தால்தான் வைல்ட்ஃபிளை செஷனை மற்றச் சர்வருக்கு நகலெடுக்கும். அச்சொல்லை நீக்கிவிட்டு அதே சோதனையை மறுமுறை செய்தால், இரண்டாம் சர்வர் குறையேதுமின்றி விடையளிக்கும். ஆனால் எண் பதினாறாக வராது, ஒன்றாக வரும்.