கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

ஊதிய ஒப்பந்தம் பேசி முடிந்தது என்றால் தொழிலாளி முதலில் கேட்பது, 'எவ்வளவு?' வட்டியும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் கழுத்தை நெரிக்கும்போது அதில் தவறில்லை. ஆனால் துவாக்குடி சிட்கோ பட்டறைகளில் வேலை செய்யும் சங்க உறுப்பினர் இன்னொன்றும் கேட்க வேண்டும்: 'யாருக்கு?'

1928இல் பம்பாய்ப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் கேட்டது இதைத்தான். கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தலித்துகளுக்கு இடமில்லை. அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்த வேண்டும். தீட்டாகிவிடும் என்று தடுத்தவர்கள் சக தொழிலாளர்களே. எல்லாப் பிரிவிலும் வேலை என்ற கோரிக்கையைச் சேர்க்காவிட்டால் தம் மக்களைப் போராட்டத்திலிருந்து விலகச் சொல்வதாக அவர் எச்சரித்தார். சங்கத் தலைவர்கள் தயங்கித்தான் சேர்த்தனர்.

இன்று அந்தத் தடுப்பின் பெயர் ஒப்பந்தக் கூலி. துப்புரவுப் பணியில் அப்படி நிற்போரில் பெரும்பாலோர் தலித்துகள். தொழிலாளர் துறை அலுவலர் முன் சமரசத்தில் போடும் ஒப்பந்தம் சங்கத்தில் சேராத நிரந்தரத் தொழிலாளியையும் சேரும். ஒப்பந்ததாரரின் ஆளோ, அவருக்கென ஒரு வரி எழுதாவிட்டால் வெளியில்தான் நிற்பார்.

அதற்காகக் கிடைக்கும் உயர்வை உதற வேண்டாம். வேலைநிறுத்தம் நீண்டால் முதலில் அடுப்பு அணைவது தினக்கூலி வீட்டில்தான். தொகையை ஏற்கலாம், ஒப்பந்தத் தொழிலாளர் ஊதியத்துக்கு ஒரு விதியும், அது நடைமுறைக்கு வரும் தேதியும் கேட்டு வாங்கிய பிறகு. பொதுக்குழுவில் கை தூக்குமுன் அந்த வரி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் படித்துக் காட்டுங்கள்.