நோர்வேயிற் பயில்வோரும் நோர்வே மொழியும்

உயர்கல்வி நாடி நோர்வே செல்லும் பிறநாட்டு மாணவர் ஒருவர், அந்நாட்டு மொழியை அறியாமலே பட்டம் பெற்றுத் திரும்புதல் இன்று எளிதாகிவிட்டது. ஒஸ்லோ, பேர்கன், துரொண்ட்ஹைம் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் முதுமாணி வகுப்புகள் பல ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. கடைக்காரரும் பஸ் சாரதியும் ஆங்கிலம் அறிவர். அந்நியர் தட்டுத் தடுமாறி நோர்வே மொழியிற் பேச முற்பட்டவுடன், உதவும் நல்லெண்ணத்தோடு அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதுமுண்டு. இந்த நல்லெண்ணமே மாணவர்க்குப் பெருந்தடை என்பது எமது எண்ணம்.

தடையைத் தாண்டிக் கற்கப் புகுவோர்க்கு முதலில் எழும் வினா, எந்த நோர்வே மொழி என்பதாகும். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக டென்மார்க்கோடு இணைந்திருந்த நாடு, 1814 இல் அதனின்று பிரிந்தது. எழுத்து மொழியோ அப்பொழுதும் டேனிய மொழியாகவே இருந்தது. அதனைப் படிப்படியாக நாட்டு வழக்குக்கு இசைவித்ததால் உருவானது 'பூக்மோல்'. மற்றொரு வழியை வகுத்தவர் ஈவார் ஓசன். உழவர் குடியிற் பிறந்து, தாமே கற்றுத் தேறிய அவர், 1840களில் ஊரூராகச் சென்று நாட்டுப்புறத்தாரின் பேச்சைத் திரட்டினார். 1848 இல் இலக்கணமும் 1850 இல் அகராதியும் வெளியிட்டார். அவரது உழைப்பின்மேல் எழுந்தது 'நீநொர்ஸ்க்'. 1885 இல் பாராளுமன்றம் இரண்டையும் சமநிலையில் வைத்தது. நீநொர்ஸ்கில் எழுதுவோர் இன்றும் சிறுபான்மையினரே. எனினும் 2023 இல் நோபல் பரிசு பெற்ற யூன் பொஸ்ஸ எழுதுவது அவ்வடிவிலேதான்.

எழுத்துக்கு இரு வடிவம் என்றால், பேச்சுக்குச் சட்டம் விதித்த வடிவம் ஒன்றுமேயில்லை. 'நான்' என்பதற்கு ஒஸ்லோவில் 'யாய்' என்பர். பேர்கனில் 'ஏக்' என்பர். துரொண்ட்ஹைமில் ஏகாரமும் ஆகாரமும் கலந்த ஓர் உயிரொலியே போதும். உழவரைக் குறிக்கும் சொல்லும் அவரையைக் குறிக்கும் சொல்லும் பல வட்டாரங்களில் குரலின் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே வேறுபடும். பேராசிரியர் விரிவுரை மேடையிலும், உறுப்பினர் பாராளுமன்றத்திலும் தத்தம் ஊர்ப் பேச்சைக் கைவிடுவதில்லை. அதனை எவரும் இழிவெனக் கொள்வதுமில்லை. பேச்சு வழக்கை எழுத்திற் சேர்ப்பதா தள்ளுவதா என்று 1960களில் இந்நாட்டில் நாம் நிகழ்த்திய சொற்போர்களை எண்ணும்போது, சற்றே பொறாமை தோன்றுகிறது.

மொழியோடு சேர்ந்தே பண்பாடும் வருகிறது. பேராசிரியரையும் பெயர் சொல்லி அழைத்து, 'நீ' என்று பேசுதல் அங்கு இயல்பு. எம்மவர்க்கோ நாக் கூசும். 'தயவுசெய்து' என்பதற்கு நேரான தனிச்சொல் ஒன்று அம்மொழியிலில்லை. அதனால் அம்மக்களைப் பணிவற்றவர் என்று கருதுவோர், அவர்கள் நன்றி கூறும் வகைகளை அறியாதவரே. உண்டெழும்போது உணவுக்கு நன்றி. மறுமுறை காணும்போது, முன்பு கூடியிருந்த பொழுதுக்கும் ஒரு நன்றி!

இவை பாடநூலில் விளங்குவதிலும், கூடி வாழ்வதிலேயே நன்கு விளங்கும். அதற்கென்றே அமைந்தவை போன்றவை அந்நாட்டின் மக்கள் உயர்பள்ளிகள். 1864 இல் தொடங்கிய இம்மரபில் பரீட்சையில்லை, புள்ளியில்லை. மாணவர் ஓராண்டு ஒரே விடுதியில் உண்டு உறங்கிப் பயில்வர். 1980களில் இலங்கைத் தமிழ் இளைஞர் பலர் நோர்வேயை அடைந்தது இப்பள்ளிகளின் மாணவராகவே. இன்று செல்வோரின் நிலை வேறு. ஐரோப்பாவுக்கு அப்பாலிருந்து புதிதாக வருவோரிடம் அரசுப் பல்கலைக்கழகங்கள் 2023 இலையுதிர் காலம் முதல் கட்டணம் அறவிடுகின்றன. பணமும் காலமும் நெருக்கும்போது, மொழி வகுப்பே முதலிற் கைவிடப்படும். ஆகவே, மாணவரை அனுப்பும் ஆசிரியர்கள், விண்ணப்பத்தோடு மொழிப் பயிற்சியையும் இங்கேயே தொடங்கச் செய்தல் வேண்டும்.

அன்று அப்பள்ளிகளிற் பயின்றோர் தம் முதற் குளிர்காலத்தையும், முதலிற் கற்ற சொற்களையும் எழுதியனுப்பினால், இப்பக்கங்களில் மகிழ்வோடு இடமளிப்போம்.