திண்ணைத் தூணும் ராஜாவும்

மல்லாங்கிணற்றில் நமது இல்லத்தில் ராஜா என்று ஒரு நாய் இருக்கிறான். ராஜபாளையத்து ஜாதி, வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005-ஆம் வருஷம் தபால் தலையில் ஏறிய ஜாதி என்பதில் நமக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆனால் இரண்டு வயது ஆனதும் அவன் நடத்தை கௌரவமாக இல்லை. திண்ணைத் தூண், அரிசி மூட்டை, விருந்தாளியின் பை ஒன்றையும் விடாமல் காலைத் தூக்கினான். இரவில் சுவரேறிக் குதித்து ஊர் சுற்றி, கடிபட்ட காதுடன் காலையில் திரும்பினான். வெறிநாய் கடித்திருந்தால் குழந்தைகளின் கதி என்ன? "கண்மாய்க்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்றார் அடுத்த வீட்டுக்காரர். சங்கிலியில் கட்டினோம், இரவெல்லாம் ஊளை.

"மிருக வைத்தியரிடம் சொல்லி விதை எடுத்துவிடலாம்" என்றாள் நமது மனையாள். "ஐயோ பாவம்!" என்றோம்.

"இந்தக் கரிசலில் ஏர் இழுத்த காளைகளெல்லாம் காயடித்தவைதானே? அப்போது இந்தப் பாவம் எங்கே போயிற்று?"

வகுப்பில் பிறரை விழிக்க வைக்கும் நாம் அன்று விழித்தோம்.

வைத்தியர் நிதானமானவர். "மயக்க மருந்து கொடுத்துச் செய்வதால் வலி தெரியாது. ஆனால் எல்லாம் தீருமென்று நம்பாதீர்கள்" என்றார். 1976-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஊர் சுற்றும் நாய்களில் பத்துக்கு ஒன்பது திருந்தினவாம். கண்ட இடத்தில் காலைத் தூக்குபவற்றில் பாதிதான் திருந்தினவாம். வெடிச் சத்தத்துக்கு அஞ்சுவது இதனால் தீராது. சிவகாசிச் சீமை நாய்க்கும் தீபாவளி தீபாவளிதான். சிகிச்சைக்குப் பின்னும் சில வாரங்கள் பெண் நாயிடம் விடலாகாது. உடம்பு பெருக்குமாதலால் சோற்றையும் குறைக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியோ தனி. அதை வருஷந்தோறும் மறக்கக் கூடாது. தெரு நாய்களுக்கு இச்சிகிச்சையும் தடுப்பூசியும் சேர்த்தே செய்யும்படி மத்திய சர்க்கார் 2001-இலும், பிறகு 2023-இலும் விதிகள் வகுத்திருப்பதையும் அவரே சொன்னார்.

மூன்று மாதங்கள் ஆயின. ராஜா சுவர் ஏறுவதில்லை. சங்கிலியும் ஆணியில் தொங்குகிறது. அந்நியர் வந்தால் குரைப்பதில் மட்டும் ஒரு குறைவும் இல்லை. ஆண்மை போய்விடுமென்று நாம் அஞ்சியது நம்மைப் பற்றித்தான் போலும்!

திண்ணைத் தூணை மட்டும் இன்னும் விட்டபாடில்லை. கற்ற பாடத்தை மறக்க மாட்டேன் என்கிறான்; உபாத்தியாயர் வீட்டு நாய் அல்லவா?