‘ஆடமாட்டேன்’, ‘ஆடாதே’

நாடுகளின் பகை விளையாட்டரங்கை எட்டும்போதெல்லாம் ‘விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது’ என்ற வாசகம் தவறாமல் எழுகிறது. தேசியக் கொடியின் கீழ், அரசு தரும் நுழைவிசைவை நம்பி நடைபெறும் பன்னாட்டுப் போட்டியில் அரசியல் வெளியிலிருந்து வந்து கலப்பதில்லை. அது தொடக்கத்திலிருந்தே அங்கு உள்ளது. எனவே கேட்கத்தக்க வினாக்கள் வேறு. ஓர் எதிர்ப்பின் விலையைக் கொடுப்பவர் யார்? அவ்வெதிர்ப்பு எதுவரை?

‘புறக்கணிப்பு’ என்ற ஒரே சொல் இருவேறு செயல்களை மூடி மறைக்கிறது. ஒன்று, ‘ஆடமாட்டேன்’ என்னும் தன்மை வினை. மற்றொன்று, ‘ஆடாதே’ என்னும் முன்னிலை எதிர்மறை ஏவல். முதலாவதில் இழப்பு சொல்பவருக்கு. இரண்டாவதில் இழப்பு கேட்பவருக்கு.

1974ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பையின் அரையிறுதியில் சோவியத் ஒன்றியத்தை வென்ற இந்தியா, இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. நிறவெறி ஆட்சியை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. சென்னைச் சகோதரர்களான விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அந்த அணியின் தூண்கள். முடிவு அவர்களுடையதன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு நாடு தன் கைக்கெட்டிய பரிசைத் தானே துறந்தது. அக்கோப்பையை இந்தியா இன்றுவரை வென்றதில்லை.

தமிழ்நாட்டின் அனுபவம் சிக்கலானது. 2012 செப்டம்பரில் கொழும்பு ராயல் கல்லூரி மாணவர்கள் சென்னை நேரு விளையாட்டரங்கில் நட்புமுறைக் கால்பந்தாட்டம் ஆடியதற்காக, அரங்க அலுவலர் ஒருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2013 பிப்ரவரியில், இலங்கை பங்கேற்கும் ஆசியத் தடகளப் போட்டியைச் சென்னையில் நடத்த இயலாதென மாநில அரசு அறிவித்தது. போட்டி புனேக்கு மாறியது. அடுத்த மாதம், ஐபிஎல் ஆட்டங்களுக்காக இலங்கை வீரர்கள் எவரும் சென்னைக்கு வரக்கூடாதென்றானது.

இம்மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. தடகளப் போட்டியைக் கைவிட்டதில் தமிழ்நாடு தனக்குரிய பெருமையையும் இழந்தது. அது ‘ஆடமாட்டேன்’ என்பதற்கு அருகில் நிற்கிறது. பள்ளி மாணவரின் ஆட்டம் குற்றமானதில் அத்தகைய இழப்பு ஏதுமில்லை. ஐபிஎல் தடையோ, அவ்வாண்டு பெங்களூரு அணியில் இருந்த கண்டித் தமிழர் முத்தையா முரளிதரனுக்கும் பொருந்தியது. தமிழரின் பெயரால் இடப்பட்ட தடை ஒரு தமிழரையும் வெளியே நிறுத்தியது.

2009இன் பேரழிவுக்குப் பின் எழுந்த சினம் பொய்யானதன்று. நீதி கிடைக்காத இடத்தில் கிடைத்த கருவியை எடுப்பது மனித இயல்பு. தென்னாப்பிரிக்காவையும் உலகம் ‘ஆடாதே’ என்று விலக்கி வைக்கவில்லையா என்று கேட்கலாம். விலக்கியது, அங்கே அணித் தேர்வே நிறத்தின்படி நடந்தது. விலக்குமாறு கோரியவர்களில் ஒடுக்கப்பட்டோரே முன்னின்றனர். முடிவுக்கான நிபந்தனையும் தெளிவாக இருந்தது. நிறவெறிச் சட்டங்கள் நீக்கப்பட்ட 1991இல், நவம்பர் 10 அன்று, அந்நாட்டுக் கிரிக்கெட் அணி கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் களமிறங்கியது.

சென்னைத் தடைக்கு அத்தகைய ‘எதுவரை’ இல்லை. 2023இல் அதே சேப்பாக்கத்தில் மதீஷ பத்திரன சென்னை அணியின் மஞ்சள் உடையில் பந்துவீசினார், அரங்கம் ஆர்ப்பரித்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் முள்ளிவாய்க்காலுக்கு நீதி கிடைத்துவிடவில்லை. தடை வென்றும் முடியவில்லை, தோற்றும் முடியவில்லை, மறக்கப்பட்டது. களியக்காவிளை எல்லையிலிருந்து தம்பானூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அந்நகரின் காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழக நிலத்தில் எழுந்த அரங்கில், 2023 ஜனவரி 15 அன்று இந்தியா இலங்கையை 317 ஓட்ட வேறுபாட்டில் வென்றது. அங்கு அது வெறும் கிரிக்கெட் ஆட்டமாகவே நடந்து முடிந்தது. ஓர் அறக்கொள்கை மாநில எல்லையோடு நின்றுவிடுமாயின், அதில் அறத்தின் பங்கு எவ்வளவு, உள்ளூர் அரசியலின் பங்கு எவ்வளவு என்று ஆராய்வது முறையே.

போர் சிலருக்கு வாய்ப்பாகவும் வந்து சேர்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடு, உக்ரைன் மீதான படையெடுப்பால் மாஸ்கோ இழந்த போட்டியாகும். ரஷ்ய அணி இல்லாத அக்களத்தில் உக்ரைன் மகளிர் தங்கம் வென்றனர். சுடரோட்டம் காஷ்மீர் வழியே சென்றதை எதிர்த்துப் பாகிஸ்தான் விலகியது. இந்தியா வந்து சேர்ந்திருந்த அதன் வீரர்கள் ஒரு காய்கூட நகர்த்தாமல் திரும்பினர்.

பன்னாட்டுப் போட்டிகளிலிருந்து அரசியலை அகற்றுவது இயலாது. அகற்றியிருந்தால் நிறவெறிக்கு எதிரான ஒரு வலிய கருவி இல்லாமற் போயிருக்கும். கருவியை எடுப்பவர் இரண்டு கடமைகளை ஏற்க வேண்டும்: இழப்பில் தம் பங்கை முதலில் வைப்பது, எது நிகழ்ந்தால் தடை நீங்கும் என்பதை அன்றே அறிவிப்பது. இவ்விரண்டும் இல்லாத ‘ஆடாதே’, ஆட வந்தவரைத் தண்டிக்குமேயன்றி, அவரை அனுப்பிய அரசை அசைக்காது.