பைக்ல எக்ஸ்ட்ரா லைட் மாட்டப் போறீங்களா? எதிரே வர்றவர் கண்ணையும் கொஞ்சம் யோசிங்க!

வீக் எண்டுக்கு வால்பாறை பிளான் போட்டாச்சு. சேடில் பேக் வந்தாச்சு, மொபைல் ஹோல்டர் மாட்டியாச்சு. இந்த நேரத்துல ரைடிங் குரூப்பில் ஒருத்தர் நிச்சயம் சொல்லியிருப்பார்: ''மச்சி, கம்பெனி ஹெட்லைட்டை நம்பாதே, ஆக்ஸ் லைட் போட்டுடு!'' சென்னை ஜி.பி. ரோட்டில் விசாரித்தால் ஆயிரத்துச் சொச்சத்தில் ஒரு ஜோடி கிடைக்கும். பெயர் சொல்லும் பிராண்ட் என்றால் பத்தாயிரத்தைக்கூடத் தாண்டும். அரை நாளில் மாட்டியும் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால், கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. கண்ணைக் கூசவைக்கும் எல்.இ.டி விளக்குகள் விஷயத்தில் நீதிமன்றங்கள் செம கடுப்பில் இருக்கின்றன. விதியை மீறி மாட்டப்படும் விளக்குகள் பற்றிய வழக்கில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாக 5,000 ரூபாய் அபராதம் போடச் சொல்லி 2024-ல் உத்தரவிட்டது கேரள உயர் நீதிமன்றம். மூணாறு, வாகமன் என்று வாராவாரம் கிளம்பும் நம்ம ஊர் ரைடர்களுக்கும் இது பொருந்தும். செக்போஸ்ட்டைத் தாண்டியதும் நம்பர் பிளேட் பார்த்து விட்டுவிட மாட்டார்கள்.

அப்போ ஆக்ஸ் லைட்டே தப்பா? அவசரப்படாதீங்க. அதன் தேவை உண்மையானது.

வளைவில் காணாமல்போகும் வெளிச்சம்

கார் வளைவில் திரும்பும்போது அதன் விளக்குகள் தரைக்கு இணையாகவே இருக்கும். பைக் அப்படியில்லை. நீங்கள் இடது பக்கம் சாயும்போது ஹெட்லைட்டும் கூடவே சாயும். லோ பீமில், மேல் பக்கம் வெளிச்சத்தை வெட்டி நிறுத்தும் ஒரு கோடு உண்டு. அந்தக் கோடு சாய்ந்ததும், வளைவின் உள்பக்கம் அப்படியே இருட்டாகிவிடும். அதாவது, நீங்கள் எங்கே போகப்போகிறீர்களோ அந்த இடம்தான் தெரியாது. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ அந்தி சாய்ந்தபின் ஓட்டியவர்களுக்கு இது புரியும். இப்போது வரும் எல்.இ.டி ஹெட்லைட்டுகளில் அந்தக் கோடு கத்தியால் வெட்டியதுபோல இருப்பதால், பழைய ஹாலோஜன் பல்பைவிட இருட்டு இன்னும் பளிச்சென்று உறைக்கும்.

பைக்கின் இரண்டு பக்கமும் அகலமாகப் பரவும் ஒரு வெளிச்சம் இருந்தால், அந்த உள்வளைவு தெரியும். சாலையோரப் பள்ளமும், ரிஃப்ளெக்டர் இல்லாமல் நிற்கும் டிராக்டர் டிரெய்லரும் முன்கூட்டியே கண்ணில்படும். மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் 74,897 பேர் டூவீலரில் போனவர்கள். வெளிச்சம் வேண்டும் என்று ஒரு ரைடர் கேட்பதை, 'சீன் போடுறான்' என்று ஒதுக்கிவிட முடியாது.

பிரச்னை எங்கே ஆரம்பிக்கிறது என்றால், மலைக்கு வாங்கிய லைட்டை தாம்பரத்திலிருந்தே ஆன் பண்ணிக்கொண்டு போவதில்.

ஒரு சின்னக் கணக்கு. 80 கி.மீ வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் 22 மீட்டர் நகரும். உங்கள் ஸ்பாட் லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடித்து, அவருக்குப் பார்வை திரும்ப இரண்டே விநாடி ஆனாலும், 44 மீட்டர் தூரத்தை அவர் குருடராகக் கடக்கிறார். வயது கூடக்கூட இந்த நேரமும் கூடும். இருபத்தைந்து வயதில் சட்டென்று சமாளித்துவிடும் கண், அறுபதில் தடுமாறும். டி.வி.எஸ் எக்ஸ்.எல்-லில் காய்கறி மூட்டையோடு எதிரே வரும் பெரியவருக்கு, உங்களுக்கும் அவருக்கும் நடுவில் நடந்துபோகிறவர் தெரியவே மாட்டார். அவர் ஹேண்டில்பாரைத் தடுமாறிப் பிடித்தால், மோதப்போவது உங்கள் மீதாகவும் இருக்கலாம்.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. எதிரே வருகிறவர் ஹைபீம் போடுகிறார், அவரை அடக்க நான் ஆக்ஸ் லைட் போடுகிறேன் என்கிறார்கள். அடுத்த மாதம் அவரும் இதைவிடப் பெரியதாக ஒன்று மாட்டிக்கொண்டு வருவார். இதற்கு முடிவே இல்லை, பாஸ்!

சட்டம் என்னதான் சொல்லுது?

இங்கேதான் கொஞ்சம் குழப்பம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தில் சேர்ந்ததுதான் 182ஏ பிரிவு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே!

'மாற்றம்' என்பது வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று அதே 52-வது பிரிவில் ஒரு விளக்கமும் உண்டு. இரண்டு லைட் மாட்டுவது இதில் எப்படி வரும் என்று ரைடர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், விளக்குகளுக்கென்றே மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனியாக இருக்கிறது. பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட் மாட்டக் கூடாது என்பது 111-வது விதி. ரோட்டோரம் நிறுத்தும் போலீஸ்காரரிடம் 52-வது பிரிவின் விளக்கத்தை வாசித்துக்காட்டி ஜெயித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீங்க.

சென்னை கம்பெனியான ராயல் என்ஃபீல்டு உட்பட சில பைக் நிறுவனங்களே ஃபாக் லைட்டை ஆக்சஸரியாக விற்கின்றன. ஒழுங்கான பீம் கொண்ட அதற்கும், கட்டுக்கடங்காமல் சிதறும் மலிவு விளக்குக்கும் வித்தியாசம் பார்த்து அபராதம் போட, சோதனை செய்பவரிடம் என்ன கருவி இருக்கிறது? பெரும்பாலும் அவர் கண்தான். விதியை மீறியவரும் மீறாதவரும் ஒரே வரிசையில் நிற்கவேண்டி வருவது இதனால்தான். என்னைக் கேட்டால், மொத்தமாகப் பிடுங்கிப்போடுவதைவிட எந்த லைட் ஓகே என்று அரசு ஒரு தர முத்திரை கொடுத்து, அதை மட்டும் விற்க விடுவது நல்லது. மாட்டியவருக்கு அபராதம், விற்றவருக்கு லாபம் என்பது என்ன கணக்கு?

வாங்குவதென்றால்...

லூமென் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவுதான். அந்த வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்பதை லென்ஸும் ரிஃப்ளெக்டரும்தான் முடிவு செய்கின்றன. தூரத்துக்குக் குவிந்து பாய்வது ஸ்பாட், பக்கத்தில் அகலமாகப் பரவுவது ஃப்ளட். மலைப்பாதைக்கு உங்களுக்குத் தேவை, மேலே வெளிச்சம் சிதறாத ஃபாக் லைட் வகைதான். ஸ்பாட் லைட்டுக்கு ஆளில்லாத ரோடு வேண்டும். நம்ம ஊரில் அப்படி ஒரு ரோடு எங்கே இருக்கு, சொல்லுங்க!

மஞ்சளா வெள்ளையா என்ற சண்டை குரூப்களில் ஓயாது. மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்பார்கள். பனித்துளிகள், ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் எந்த நிறமாக இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறும். ஆனால் நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சளில் கூச்சம் குறைவு என்று பலரும் உணர்வது உண்மை. நிறத்தைவிட முக்கியம், விளக்கு எவ்வளவு தாழ இருக்கிறது என்பது. பனியில் ஹேண்டில்பார் உயரத்தில் எரியும் விளக்கு, உங்கள் முகத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பிவிடும். கிராஷ் கார்டில், கீழே மாட்டுங்கள்.

அடுத்து வயரிங். இங்கேதான் பலபேர் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று கோட்டை விடுகிறார்கள். 40 வாட் விளக்கு இரண்டு என்றால் 80 வாட். 12 வோல்ட் பேட்டரியில் கிட்டத்தட்ட 6.5 ஆம்பியர். இதை ஹெட்லைட் வயரிலிருந்து இழுத்து ஹேண்டில்பார் சுவிட்ச் வழியாக நேரடியாகக் கொடுத்தால், சுவிட்ச் சூடாகி உருகலாம். பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலே, ரிலேயிலிருந்து லைட். சுவிட்ச் அந்த ரிலேவை இயக்கினால் போதும். ரிலேயின் தூண்டல் வயரை இக்னிஷனோடு சேர்த்துவிட்டால், சாவியை எடுத்ததும் லைட்டும் அணைந்துவிடும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வண்டியின் ஒரிஜினல் வயரை வெட்டச் சொல்லும் மெக்கானிக்கிடம் 'வேணாம்ணா' என்று சொல்லிவிடுங்கள். வாரன்டி பிரச்னை ஒரு பக்கம் இருக்க, எலெக்ட்ரானிக்ஸ் நிறைந்த புது பைக்குகளில் எரர் லைட்டும் எரிய ஆரம்பிக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம், க்ளெய்ம் நேரத்தில் தலைவலியாகவும் வரலாம்.

2017 ஏப்ரலிலிருந்து வரும் டூவீலர்களில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது. அதன் மேல் இந்த 80 வாட்டும் சேர்ந்தால், டிராஃபிக்கில் ஐடிலில் நிற்கும்போது பேட்டரிதான் பாவம். சிட்டிக்குள் ஆஃப் பண்ணி வைக்க இதுவும் ஒரு காரணம்.

மாட்டியபிறகு ஒரு டெஸ்ட். இதை 106-வது விதியே சொல்லித் தருகிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசக் கூடாது. நண்பரை அந்த இடத்தில் நிறுத்துங்கள். கண் 1.5 மீட்டருக்கு வரும்படி அவர் கொஞ்சம் குனியவேண்டியிருக்கும். பின்னால் பில்லியனும் லக்கேஜும் இருக்கும் நிலையிலேயே பாருங்கள். பின்பக்கம் எடையில் அமுங்கினால், முன்பக்க விளக்கு தானாக மேலே தூக்கும். நண்பர் முகத்தைத் திருப்பினால் போல்ட்டைத் தளர்த்தி, விளக்கைக் கீழே இறக்குங்கள். ஸ்பேனரையும் டூருக்குக் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோமீட்டர் மோசமான ரோட்டில் போனால் அதன் கோணம் மாறிவிட வாய்ப்பு உண்டு.

அப்புறம், எவ்வளவு நல்ல லைட் மாட்டினாலும் சில ரோடுகள் ராத்திரியில் உங்களுக்குக் கிடையாது. திம்பம் மலைப்பாதையிலும் முதுமலை தாண்டி பந்திப்பூரிலும் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை தடை. அங்கே ராத்திரியில் ரோடு யானைக்கும் மானுக்கும்தான். மைசூரு ரைடு என்றால், சாயங்காலமே பண்ணாரி செக்போஸ்ட்டைத் தாண்டுற மாதிரி கிளம்புங்க.