ஒட்டுற கட்டையும் பூட்டின மூடியும்

மாரி தொடங்கினா எங்கட ஊர்ப் பியானோக்கள் ஊமையாகிறது புதினமில்லை. பழைய மிஷன் பள்ளிக்கூட மண்டபம், தேவாலயத்து மூலை, ஆரோ ஒரு பெரியம்மாவின் முன்னறை என்று அங்கங்கே நிற்கிற பியானோக்களில நாலைஞ்சு கட்டை அமத்தினா அமந்தபடியே கிடக்கும். பிறகு நடக்கிறதும் தெரிந்ததுதான். "இது செத்துப்போச்சு" என்று ஒரு தீர்ப்பு. மூடியைப் பூட்டி, மேலே பூச்சாடி வைத்து, பக்கத்தில ஒரு மின் கீபோர்ட். கொஞ்சக் காலத்தில கறையான்.

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழை என்பதுதான் எங்கட கருத்து. கனதரம் செத்தது பியானோ இல்லை. ஈரம் குடிச்சு ஊதின கொஞ்சக் கம்பளி ஃபெல்ட்தான் பிரச்சினை.

கட்டையை அமத்தினா அது சீசோ மாதிரி நடுவில ஒரு ஊசியில சாயும். பின்முனை எழும்பி விப்பன் என்ற மரத்துண்டைத் தூக்கும். விப்பனில நிற்கிற ஜாக் சுத்தியலைத் தள்ளும், சுத்தியல் கம்பியில அடிச்சு உடனே திரும்பும். இதே ஏற்பாடு 88 கட்டைக்கும் இருக்கு. சுத்தியல், விப்பன், ஜாக் எல்லாம் கிட்டத்தட்ட 1.3 மில்லிமீற்றர் தடிப்பான ஊசிகளில, ஃபெல்ட் சுற்றின துளைக்குள்ளதான் சுழலுது. ஃபெல்ட்டும் மரமும் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். மயிரளவு இடைவெளி அடைபட்டாப் போதும், மூட்டு இறுகிப்போகும்.

ஆகவே முதல் கேள்வி எங்க ஒட்டுது என்பதுதான். மேல்மூடியைத் திறந்து முன்பலகையைக் கழற்றினா எல்லாம் கண்ணுக்கு முன்னால நிற்கும். ஒட்டின கட்டையின் முன்முனையை விரலால மெல்லத் தூக்குங்கோ. அதுவே இறுக்கமா வந்தா குறை கட்டையில. கட்டை சுகமா அசைஞ்சா, அதுக்குரிய சுத்தியலை விரலால கம்பிப் பக்கம் தள்ளி விடுங்கோ. சோம்பலாத் திரும்பினா குறை சுத்தியலின் ஊசியில. ரெண்டும் சரி, ஆனா முதல் அடி கேட்டு ரெண்டாவது அடி கேக்கேல்லை என்றால் ஜாக்கையோ விப்பனையோ சந்தேகப்படலாம்.

கட்டையில குறை என்றால் உடனே பயப்படத் தேவையில்லை. ரெண்டு கட்டைக்கு நடுவில ஒரு நாணயமோ உடைஞ்ச பென்சில் முனையோ இருக்கலாம். (பள்ளிக்கூடப் பியானோ என்றால் முதல் சந்தேகம் இதுதான்.) கட்டைகளுக்கு முன்னால ஓடுற நீட்டுப் பலகை வளைஞ்சு உரசலாம். அந்தப் பலகையின் பின்பக்கம் மெல்லிய காட்போட் துண்டு வைத்தாப் போதும். இது ரெண்டும் இல்லை என்றால் கட்டையின் ஃபெல்ட் ஊதியிருக்கு. அதை அமுக்கிக் கொடுக்க ஒரு தனிக் குறடு இருக்கு. சாதாரணக் குறடால பிடிச்சா மரம் வெடிக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதேங்கோ. தேங்காய் எண்ணெய், தையல் மெசின் எண்ணெய், துருப்பிடிச்ச பிணைச்சலுக்கு அடிக்கிற ஸ்பிரே எதுவும் உள்ளே போகக்கூடாது. அன்றைக்கு வழுவழுவென்று ஓடும். பிறகு ஃபெல்ட் எண்ணெயைக் குடிச்சு, தூசியைப் பிடிச்சு, முதலைவிட மோசமா இறுகும். ஈரம் ஊதின ஃபெல்ட் காய்ஞ்சா அடங்கும், எண்ணெய் குடிச்சது அடங்காது. பிறகு மூட்டு மூட்டாக் கழற்றி ஊசி மாற்ற வேண்டிவரும். அது கைதேர்ந்த ஆளின் வேலை, செலவும் கூட.

எங்களுக்குக் கோபம் பூட்டிலதான். பூட்டின பெட்டிக்குள்ள ஈரம் தங்கும், என்ன ஒட்டுது என்று ஒருத்தருக்கும் தெரியவராது. மழை நாளில பறையின் தோல் தளர்ந்தா நெருப்புக் காட்டுவினம். பறை செத்துப்போச்சு என்று ஒருத்தரும் சொல்லுறேல்லை. பியானோவை மட்டும் வெள்ளைக்காரன் விட்டுப்போன பெட்டி, நாங்கள் தொட்டா உடைஞ்சிடும் என்று தள்ளி வைக்கிறம். கிரேட் சோதனை ஒவ்வொன்றாப் பாஸ் பண்ணியும் மூடிக்குள்ள ஒருக்காலும் எட்டிப் பாக்காத பிள்ளைகள் இருக்கினம். படிப்பிக்கிறவையும் காட்டுறேல்லை.

கீபோர்ட்டில எங்களுக்குக் கோபமில்லை. தூக்கிக்கொண்டு போகலாம், சுருதி கூட்டத் தேவையில்லை. ஆனா வாங்குற காசில ஒரு பங்கை மண்டபத்தில நிற்கிற பியானோவுக்கும் ஒதுக்கச் சொல்லிக் கேக்கலாம். அதுக்கு முதல் காசில்லாத வேலைகளும் இருக்கு: தூவானம் அடிக்கிற யன்னலுக்குக் கிட்ட இருந்தா தள்ளி வைக்கிறது, வெளிச்சுவரோட ஒட்டி நிற்க விடாதது, வெயில் நாளில மேல்மூடியைத் திறந்து வைக்கிறது.

திறப்பு எங்க என்று கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது என்பினம். அதிபரின் அலுமாரியில தேடிப் பாருங்கோ.